காசு கொடுத்து வாங்கிய சாவு

திண்டிவனம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் நான் வழக்கமாகத் தேநீர் குடிக்கும் கடையில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி உண்டு. 2023 ஜூன் மூன்றாவது வாரத்தில் அதில் ஒரு எண் இறங்கிக்கொண்டே இருந்தது. 96 மணி நேரத்துக்கான பிராணவாயு, இன்னும் 40 மணி நேரம், இன்னும் 20. டைட்டானிக் கப்பலின் சிதிலத்தைப் பார்க்கப்போன டைட்டன் என்ற நீர்மூழ்கியில் ஐந்து பேர். ஆளுக்குக் கட்டணம் இரண்டரை லட்சம் டாலர், நம் கணக்கில் இரண்டு கோடி ரூபாய். "ரெண்டு கோடி குடுத்து சாவ வாங்கிக்கினு போயிருக்கானுங்க" என்றார் பெஞ்சில் இருந்த ஒருவர். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் உறைத்தது. அந்த வாக்கியத்தை அதே பெஞ்சில் ஒரு மாதம் முன்பு கேட்டிருக்கிறேன். அப்போது பேச்சு மரக்காணத்தைப் பற்றி. "காசு குடுத்து வெஷத்த வாங்கிக் குடிச்சிட்டு செத்தா, அதுக்கு பத்து லட்சமா?" அன்றைக்கு நான் சண்டை போட்டேன். இன்றைக்கு ஏன் சிரித்தேன்? செத்தவன் ஏழையா பணக்காரனா என்பதில்தான் வித்தியாசம் என்று சொல்லித் தப்பிக்கலாம். நம் நண்பர்கள் பலர் அப்படித்தான் தப்பித்தார்கள். எனக்கு அது போதவில்லை. வாங்கியவன் தலையில் சாவைக் கட்டிவிட்டு, விற்றவனைக் காட்சியிலிருந்து வெளியேற்றிவிடும் சொல்லாடல் ஒன்று இரண்டு இடத்திலும் வேலை செய்கிறது. அதை அதன் வரலாற்றோடு வாசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

டைட்டானிக்கிலிருந்தே தொடங்கலாம். 1912 ஏப்ரல் 14 அன்று அந்தக் கப்பலுக்குப் பனிப்பாறை பற்றிய எச்சரிக்கைகள் ஒன்றல்ல, பல வந்தன. இரவு மெசாபா என்ற கப்பல் அனுப்பிய செய்தி மாலுமிகள் நிற்கும் மேடைக்குப் போய்ச் சேரவே இல்லை. கம்பியில்லாத் தந்தி அறையில் இருந்தவர் பயணிகளின் சொந்தத் தந்திகளைக் கேப் ரேஸ் நிலையத்துக்கு அனுப்புவதில் மும்முரமாக இருந்தார். அவர் கப்பல் கம்பெனியின் ஆளல்ல, மார்கோனி கம்பெனியின் ஆள். பயணிகளின் தந்திதான் அந்தக் கம்பெனிக்கு வருமானம். பதினொரு மணி வாக்கில் பக்கத்தில் நின்ற கலிபோர்னியன் கப்பல் பனியைப் பற்றிச் சொல்ல வந்தபோது, வேலையைக் கெடுக்காதே என்கிற தொனியில் வாயை அடைத்தார். 11.40க்குக் கப்பல் மோதியது. செத்தவர்கள் ஏறத்தாழ 1,500 பேர். 1914இல் உலக நாடுகள் கூடிக் கடற்பயணப் பாதுகாப்புக்கான உடன்படிக்கை செய்தன. எல்லோருக்கும் உயிர்காப்புப் படகு, இருபத்து நாலு மணி நேரமும் தந்திக் காவல். சட்டம் வந்தது, பிணங்களுக்குப் பின்னால்.

அந்தச் சட்டங்களின் ஓட்டைகள் வழியாக அதே கல்லறைக்குச் சுற்றுலா விட்டதுதான் ஓஷன்கேட் நிறுவனம். டைட்டன் எந்த நாட்டிலும் பதிவு செய்யப்படவில்லை. எந்தத் தரச்சான்று அமைப்பும் அதைப் பரிசோதித்துச் சான்று தரவில்லை. இறங்கிய இடம் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடல். பணம் கட்டியவர்களுக்குப் 'பயணிகள்' என்று பெயர் வைத்தால் அமெரிக்கச் சட்டம் பாயும். ஆகவே 'பணிச் சிறப்பாளர்கள்' என்று பெயர் வைத்தார்கள். பெயர்சூட்டலில் இருக்கும் அதிகாரத்தைப் பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம்; இவர்கள் ஒரே சொல்லில் செய்துகாட்டினார்கள்.

டைட்டானிக் கிடக்கும் ஆழம் ஏறத்தாழ 3,800 மீட்டர். அங்கே விரல் நகமளவு இடத்தின்மேல் ஏறக்குறைய 400 கிலோ அழுத்தம். இவ்வளவு ஆழத்துக்கு ஆள் இறங்கும் கலத்தை டைட்டானியம் மாதிரியான உலோகத்தில் கோளமாகச் செய்வதுதான் வழக்கம். பள்ளிக்கரணையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் மத்ஸ்யா 6000இலும் ஆள் அமரும் பகுதி டைட்டானியக் கோளம்தான். டைட்டன் கோளமல்ல, உருளை. ஐந்து அங்குலத் தடிமனில் கார்பன் இழையைச் சுற்றிச் செய்தது. இழை என்பது கயிறு மாதிரி. இழுத்தால் தாங்கும், நெருக்கினால் எப்போது எப்படி விடும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு முறை இறங்கி ஏறும்போதும் உள்ளே அடுக்குகள் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போகலாம். வெளியே தெரியாது.

இதையெல்லாம் பின்னால் கண்டுபிடித்ததாக நினைத்துவிடக் கூடாது. அந்த நிறுவனத்தில் நீர்மூழ்கி இயக்கத்துக்குப் பொறுப்பாக இருந்த டேவிட் லாக்ரிட்ஜ், 2018 ஜனவரியிலேயே குறைகளை எழுதிக் கொடுத்தார். உருளையைச் சரியான முறையில் பரிசோதிக்கவில்லை. பார்வைக் கண்ணாடிக்குச் சான்று 1,300 மீட்டர் வரைக்கும்தான் என்றார். நிறுவனத் தலைவர் ஸ்டாக்டன் ரஷ் வேறு ஒன்றைப் பெருமையாகச் சொல்லிவந்தார். உருளையில் ஒலிக்கருவிகள் பொருத்தியிருக்கிறோம், விரிசல் விட்டால் சத்தம் கேட்டு முன்கூட்டியே மேலே வந்துவிடலாம் என்று. லாக்ரிட்ஜ் தரப்பின் பதில் இது: அந்தக் கருவி உடைவதற்குச் சில மில்லி விநாடிகள் முன்புதான் சொல்லும்! இப்படிச் சொன்னவருக்கு வேலை போயிற்று. தொழிலாளர் பாதுகாப்புத் துறையிடம் அவர் புகார் கொடுத்தார். நிறுவனம் அவர்மீதே வழக்குப் போட்டது. அந்த ஆண்டுக் கடைசியில் அவர் சமரசத்துக்கு இணங்கிப் புகாரையும் கைவிட்டார். வழக்காடக் காசு வேண்டுமே.

அதே 2018 மார்ச்சில் ஆழ்கடல் கலங்களைச் செய்கிற, ஓட்டுகிற, ஆராய்கிற 38 பேர் சேர்ந்து ரஷ்ஷுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். இந்தச் சோதனை முயற்சி பேரழிவில் முடியலாம் என்பது அதன் சாரம். 2019இல் பஹாமாஸ் கடலில் உடன் இறங்கிய இன்னொரு நீர்மூழ்கிக்காரர், உருளை வெடித்து வெடித்துச் சத்தம் போட்டதைக் கேட்டுவிட்டு எழுதினார். அந்த முதல் உருளையில் விரிசல் கண்டது. இரண்டாவது உருளை செய்தார்கள். 2022 ஜூலையில் அது ஏறி வரும்போது பெரிய சத்தம் ஒன்று கேட்டது. கருவிகளின் பதிவிலும் மாற்றம் தெரிந்தது. ரஷ் பெருமைப்பட்ட அந்த ஒலிக்கருவி, ஆக, வேலை செய்யத்தான் செய்தது, கேட்க ஆளில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க அதை நியூஃபவுண்ட்லாந்தில் திறந்தவெளியில் போட்டுவைத்தார்கள். மறு ஆண்டு ஜூன் 18 அன்று அது ரஷ், ஹாமிஷ் ஹார்டிங், போல்-ஆன்ரி நார்ஜொலே, ஷாசாதா தாவூத், அவர் மகன் 19 வயது சுலைமான் ஆகியோரோடு இறங்கியது. ஒன்றே முக்கால் மணி நேரத்தில் தொடர்பு அறுந்தது. நசுங்கிய சத்தத்தை அமெரிக்கக் கடற்படையின் ஒலிவாங்கிகள் அன்றைக்கே பதிவு செய்திருந்தன. நமக்கு அது 22ஆம் தேதிதான் தெரியும். நான்கு நாட்கள் செத்தவர்களின் பிராணவாயுவைத் தொலைக்காட்சிகள் எண்ணிக்கொண்டிருந்தன.

ஒரு பிரதியாக எடுத்து வாசிக்க வேண்டியது, ஏறுவதற்கு முன் அவர்கள் கையெழுத்திட்ட தாளைத்தான். இது சோதனைக் கலம், எந்த அமைப்பின் ஒப்புதலும் இதற்கில்லை, உடல் ஊனமோ மரணமோ நேரலாம் என்று அது சொல்கிறது. முதல் பக்கத்திலேயே மூன்று முறை மரணம். இதைவிட நேர்மையான எச்சரிக்கை உண்டா என்று தோன்றும். ஆனால் எச்சரிக்கைகள் இரண்டு வகை. ஒன்று அதிகாரத்தை நோக்கிச் சொல்லப்படுவது: கலத்தை நிறுத்து. சொல்பவனுக்கு அதில் ஆபத்து உண்டு. (அதிகாரத்தின் முகத்துக்கு நேரே உண்மை பேசுபவன் ஏற்கும் ஆபத்து பற்றி ஃபூக்கோ 1983இல் பெர்க்கிலியில் ஆற்றிய உரைகளை நண்பர்கள் நினைவுகொள்ளலாம்.) மற்றது வாங்குபவனை நோக்கி அச்சடிக்கப்படுவது: சொல்லிவிட்டோம், இனி உன் பாடு. இதில் சொல்பவனுக்கு ஆபத்து இல்லை, பாதுகாப்புதான். முதல் எச்சரிக்கையை மௌனமாக்கிய நிறுவனமே இரண்டாவதை வக்கீல் வைத்து எழுதுகிறது. முதலாவதைக் கேட்காமல் தொழில் நடத்துவதற்கு இரண்டாவது துணை நிற்கிறது.

நமக்கு இது புதிதா என்ன? 2003 முதல் தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை அரசின் டாஸ்மாக் கையில். கடையிலும் போத்தலிலும் மது நாட்டுக்கும் வீட்டுக்கும் உயிருக்கும் கேடு என்று எழுதியிருக்கும். விற்பவனும் எச்சரிப்பவனும் ஒருவனே. அந்தத் தாளில் நம் குடிகாரர்கள் ஒவ்வொரு நாளும் கையெழுத்துப் போடுகிறார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

2023 மே 13 அன்று மரக்காணத்துக்குப் பக்கத்தில் எக்கியார்குப்பத்தில் குடித்தவர்களுக்கு அந்த எழுத்துகூட இல்லை. அவர்கள் குடித்தது தொழிற்சாலைக்கான மெத்தனால் என்று காவல்துறையே பின்னால் சொன்னது. சென்னைப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து வந்தது. அது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். கையில் காசு குறைந்த நாட்களில் டாஸ்மாக்கை விட மலிவான சரக்கைத் தேடியிருப்பார்கள் என்பது என் ஊகம். செங்கல்பட்டு மாவட்டத்தையும் சேர்த்து 20க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையில் உயிர் பிழைத்தவர்கள் படுத்திருக்க, வெளியே 'குடிகாரனுக்கு எதுக்கு பத்து லட்சம்' என்ற பேச்சு நடந்துகொண்டிருந்தது. விழுப்புரம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். மெத்தனால் ஆலையிலிருந்து குப்பம் வரை வந்த வழியை, வழியில் கண்டும் காணாமல் இருந்தவர்களை எந்தத் தேநீர்க் கடையும் அவ்வளவு ஆர்வமாகப் பேசியதாக எனக்குத் தெரியவில்லை.

இங்கே ஒரு மறுப்பு வரும். விழுப்புரத்தில் நாங்கள் சில நண்பர்கள் கூடிப் பேசியபோதே வந்தது. டைட்டன் சிரிப்பு அடித்தள மக்களின் சிரிப்பு, மேலே இருப்பவனைக் கீழே இறக்கும் திருவிழாச் சிரிப்பு, பக்தின் சொன்னது அதுதானே என்றார் ஒருவர். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. டைட்டனுக்கு நான்கு நாள் முன்பு, ஜூன் 14 அன்று, ஏறத்தாழ 750 அகதிகளோடு அட்ரியானா என்ற மீன்பிடிப் படகு கிரேக்கக் கடலில் கவிழ்ந்தது. பிழைத்தவர்கள் 104 பேர்தான். முந்தின நாளே ஐரோப்பிய எல்லைக் காவல் விமானம் அந்தப் படகைப் பார்த்துவிட்டது. படகிலிருந்து உதவி கேட்டுப் பேசியதைத் தன்னார்வக் குழு ஒன்று அதிகாரிகளிடம் சொல்லியிருந்தது. அந்தச் சாவுக்கு யாரும் மணிக்கணக்கு ஓட்டவில்லை. கிரேக்கக் கடலோரக் காவல்படையினர் 17 பேர்மீது குற்றச்சாட்டு வருவதற்கு 2025 மே மாதம் வரை ஆயிற்று. அட்ரியானாவில் இருந்தவர்களில் நூற்றுக்கணக்கானோர் பாகிஸ்தானியர். டைட்டனில் இருந்த தந்தையும் மகனும் பாகிஸ்தானைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள். இரண்டு படகுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த எவனுக்கும் வயிறு எரியத்தான் செய்யும்.

ஆனால் பக்தின் சொல்லும் சிரிப்பு சிரிப்பவனையும் உள்ளடக்கியது. தன்னை மேலே நிறுத்திக்கொண்டு கேலி செய்பவனின் சிரிப்பை அவர் வேறாகவே வைக்கிறார். நம் ஊர்க் கூத்தைப் பார்த்தாலே போதும். கட்டியங்காரன் ராஜாவைக் கிண்டல் செய்கிறான் என்றால், ராஜா கிரீடத்தோடு எதிரே நிற்கும்போது, கூடவே தன்னையும் கிண்டல் செய்துகொண்டு செய்கிறான். ரஷ் ஊர் ஊராகப் போய்ப் பாதுகாப்பு என்பதே புதுமையின் எதிரி என்று பேசிய நாட்களில் அவரைப் பார்த்துச் சிரித்திருந்தால் அது கட்டியங்காரன் சிரிப்பு. அப்போது வரவேற்புதான் இருந்தது. செத்த பிறகு கலத்தை ஓட்டிய விளையாட்டுக் கருவியைக் காட்டிச் சிரித்தோம். அதுவோ, அந்தக் கலத்தில் சாவுக்குக் காரணமாக இல்லாத பொருள்களில் ஒன்று!

செத்த ஐவரும் அப்பாவிகள் என்று நான் சொல்ல வரவில்லை. ரஷ்ஷுக்கு எல்லாம் தெரியும். நார்ஜொலே பிரெஞ்சுக் கடற்படையில் இருந்தவர், டைட்டானிக்குக்கு 37 முறை இறங்கியவர். அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சுலைமானுக்கு என்ன தெரியும்? தாய் தன் இடத்தை விட்டுக்கொடுத்து அனுப்பிய பையன். 'தெரிந்துதானே போனான்' என்று ஐந்து பேரையும் ஒரே வாக்கியத்தில் அடக்கும்போது, தெரிந்தவன் தெரியாதவனுக்கு விற்றான் என்ற உண்மை காணாமல் போகிறது. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விசாரணை வாரியம் 2025 ஆகஸ்டில் அறிக்கை தந்தது. தவிர்த்திருக்கக்கூடிய விபத்து, ஊழியர்களை மிரட்டி வாயடைத்த நிறுவனம், லாக்ரிட்ஜின் புகாரை நேரத்தில் விசாரிக்காமல் கோட்டைவிட்ட அரசுத் துறை. எல்லாம் அதில் இருக்கிறது. அந்த அறிக்கை வந்த நாளில் கடைப் பெட்டியில் வேறு ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

டைட்டன் நசுங்கி சரியாக ஒரு வருடம். 2024 ஜூன் 18, 19. 2019 வரை நம் மாவட்டத்தோடு இருந்த கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்தில், மறுபடி மெத்தனால். மரக்காணம் முடிந்து பதின்மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. காவல் நிலையமும் நீதிமன்றமும் பக்கத்திலேயே. 60க்கும் மேற்பட்ட சாவுகள். மாத முடிவதற்குள் சட்டமன்றத்தில் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனை வரை கூட்டினார்கள். பத்து லட்சம் நிவாரணத்தை எதிர்த்து உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்கும் வந்தது. அந்த வழக்கின் உயிர்நாடி நம் தேநீர்க் கடை வாக்கியம்தான்.

அந்த வாரம் கடைக்குப் போனபோது யார் முதலில் அதைச் சொல்லப்போகிறார்கள் என்று காத்திருந்தேன். பழைய பெஞ்சுக்காரர் வெகுநேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் திரும்பி, "வித்தவன் மேல ஏற்கெனவே எத்தினியோ கேசு இருந்திச்சாமே சார்? அப்ப அவன வெளிய வுட்டு வெச்சது யாரு?" என்று கேட்டார். கடைக்காரர் சத்தத்தைக் குறைத்தார். கேள்வி யாருக்குப் போக வேண்டுமோ அவர்கள் யாரும் அந்தக் கடையில் தேநீர் குடிப்பதில்லை.