திருவையாறும் அதனைக் காத்தோரும்

ஓர் ஊருக்குப் புகழ் வருவது அங்கே வாழ்ந்த பெரியோரால் என்பர். அது மெய்யே, ஆயினும் முழு மெய்யன்று. பெரியோர் மறைந்தபின் அவர் இருந்த இடத்தைத் துடைத்து விளக்கேற்றி வைப்பார் ஒருவரும் இல்லையாயின், நூறாண்டுக்குள் அவ்விடம் புல்லும் புதருமாய்ப் போய்விடும். ஆகலின் புகழ்பெற்றார் ஒருவரது ஊரைக் காணச் செல்வோர் கேட்க வேண்டிய வினாக்கள் இரண்டு. இங்கே வாழ்ந்தவர் யார் என்பது ஒன்று. அவருக்குப்பின் இவ்விடத்தைக் காத்தவர் யார் என்பது மற்றொன்று. முதல் வினாவை எல்லாரும் கேட்கின்றனர். இரண்டாவதைக் கேட்பார் அரியர். தியாகராஜ ஸ்வாமிகள் வாழ்ந்து மறைந்த திருவையாற்றை எடுத்துக்கொண்டு, இவ்விரு வினாக்களையும் நம் சங்கத்து அன்பர்களோடு ஆராய விரும்புகின்றோம்.

திருவையாறு தஞ்சைக்கு வடக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஒரு பகற்பொழுதில் சென்று கண்டு மீளலாம். சென்ற ஆண்டு நம் சங்கத்துக் குடும்பங்கள் சில உள்ளூர் வழிகாட்டி ஒருவரைத் துணைக்கொண்டு அவ்வாறே சென்று வந்தன. நாமும் உடன் சென்றோம். 1911-ஆம் ஆண்டு தோன்றிய தமிழ்ச் சங்கத்தால் பெயர்பெற்ற கரந்தையைக் கடந்து வடக்கு நோக்கிச் செல்வார்க்கு வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகள் ஒன்றன்பின் ஒன்றாய் எதிர்ப்படும். ஐயாறு என்னும் பெயர்க்காரணத்தை நூலிற் படிப்பதினும் இவ்வழியே ஒருமுறை செல்வது சாலச் சிறந்தது. பாலங்களை எண்ணிக்கொண்டே வந்த நம் பிள்ளைகள் ஐந்தாவது பாலத்தைக் கடந்தவுடன் தாமே பெயர்க்காரணத்தைச் சொல்லிவிட்டனர்.

ஊரின் நடுநாயகமாய் விளங்குவது ஐயாறப்பர் திருக்கோயில். கயிலை காணப் புறப்பட்ட அப்பர் பெருமான் அக்காட்சியை இத்தலத்திலேயே பெற்றனர் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. இத்திருக்கோயிலினுள் வடகயிலாயம் எனப்படும் கற்றளியை எடுப்பித்தவர் முதல் இராசராச சோழனின் தேவியாராகிய உலகமாதேவியார். கல்வெட்டுக்கள் அதனை அவர் பெயராலேயே வழங்குகின்றன. ஸ்வாமிகள் பிறப்பதற்கு எழுநூற்றைம்பது ஆண்டுகட்கு முன்னரே ஒரு பெண்மணியின் பொருளாலும் பத்தியாலும் இவ்வூரில் ஒரு கோயில் எழுந்தது என்பதை நேயர்கள் ஈண்டு நினைவிற் கொள்க. பின்னரும் அவ்வாறு ஒன்று நிகழ்ந்ததைக் காண்போம்.

இனி முதல் வினாவுக்கு வருவோம். ஸ்வாமிகள் 1767-ஆம் ஆண்டு திருவாரூரில் பிறந்தவர். கருநாடக இசையின் மும்மூர்த்திகளில் மற்றை இருவரான சியாமா சாஸ்திரிகளும் (1762) முத்துஸ்வாமி தீக்ஷிதரும் (1775) பிறந்த ஊரும் அதுவே. தந்தையார் இராமப்பிரம்மம் குடும்பத்தோடு திருவையாற்றுக்குக் குடியேறினமையால், ஸ்வாமிகள் வளர்ந்ததும் பாடியதும் காவிரியின் வடகரையிலேயாம். தஞ்சை அரண்மனை வித்துவானாகிய சொண்டி வேங்கடரமணய்யா அவருக்கு ஆசிரியர்.

அக்காலத்து நாட்டு நிலையை வழிகாட்டிகள் பெரும்பாலும் சொல்வதில்லை. ஸ்வாமிகள் பதினான்கு வயதுச் சிறுவராய் இருந்த 1781-ஆம் ஆண்டில் ஹைதர் அலியின் படைகள் தஞ்சை நாட்டிற் புகுந்து பேரழிவு செய்தன, வயல்கள் பாழாயின, குடிகள் ஊர்விட்டு ஓடினர். 1799-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாடு முழுதும் ஆங்கிலக் கம்பெனியார் வசமாயிற்று. இரண்டாம் சரபோஜி மன்னருக்குக் கோட்டையும் வருவாயில் ஐந்திலொரு பங்கு முதலியனவுமே எஞ்சின. அம்மன்னர் அழைப்பையும் பொருளையும் ஸ்வாமிகள் மறுத்தனர் என்பது வழிவழி வரும் செய்தி. நாடு நலிந்த அக்காலத்தில் வீதிதோறும் பாடிச் சென்று, இல்லத்தார் இட்ட அரிசியைப் பெற்று உண்டும் மாணாக்கர்க்கு உண்பித்தும் வாழ்ந்த வாழ்க்கை எளிதன்று. அரிசி இட்ட கைகள் பெரும்பாலும் இவ்வூர்ப் பெண்களின் கைகளே. அவர்கள் பெயரை எந்த ஏடும் எழுதி வைக்கவில்லை.

ஸ்வாமிகள் வாழ்ந்த இடம் திருமஞ்சன வீதியில் உள்ளது. பழைய வீடு நீங்கிப் புதிய கட்டடமே இன்று அங்கு நிற்கின்றது. தமையனார் இராம விக்கிரகத்தைக் காவிரியில் எறிந்த கதையையும், அது மீண்டு கிடைத்த கதையையும் வழிகாட்டி உருக்கமாகச் சொன்னார். கேட்டோர் கண் கலங்கினர். கர்ணபரம்பரைக் கதைகளை நாம் இகழ்வதில்லை. அவை அன்பினால் விளைந்தவை. ஆனால் கதையைக் கதையாகவும் சான்றுடைய செய்தியைச் செய்தியாகவும் பிள்ளைகட்குப் பிரித்துக் காட்டுதல் பெரியோர் கடன். கதை கேட்டுக் கலங்கியதோடு திரும்பிவிடுவோமாயின் இரண்டாவது வினா கேட்கப்படாமலே போய்விடும்.

அவ்வினாவுக்கு விடை யாது? ஸ்வாமிகள் துறவு பூண்டு 1847-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், புஷ்ய பகுள பஞ்சமியில் மறைந்தார். காவிரிக்கரையில் சமாதி வைத்தனர். அவருக்கு ஆண்மகவு இல்லை, மகள் ஒருத்தியே. அம்மகள் வயிற்றுப் பேரனும் மகப்பேறின்றி இறந்தமையால் நேர்வழி அத்தோடு அற்றது. ஆகவே அவர் செல்வத்தைக் காத்தது குருதிவழியன்று, மாணவர்வழியே.

அம்மாணவர் எவர்? தில்லைஸ்தானத்தார், உமையாள்புரத்தார், வாலாஜாபேட்டையார் எனச் சீடர் பரம்பரைகள் ஊரால் பெயர்பெற்றன. இவர்களுள் வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் (1781–1874) சௌராஷ்டிர மரபினர். தஞ்சைக்கு அணித்தான ஐயம்பேட்டையில் வாழ்ந்தவர். ஆசிரியர் பாடப்பாட அவற்றை ஏட்டில் எழுதியும், ஆசிரியரது வாழ்க்கையைக் குறித்து வைத்தும் அவரும் அவர் புதல்வர் கிருஷ்ணஸ்வாமி பாகவதரும் செய்த தொண்டு அளவிடற்கரியது. அவ்வேடுகள் பின்னர் மதுரைச் சௌராஷ்டிர சபையில் சேர்ந்தன. தெலுங்கு அந்தணர் ஒருவர் பாடியவற்றைச் சௌராஷ்டிர மரபினர் ஒருவர் எழுதி வைத்தமையால் அன்றோ இன்று பல மரபினரும் அவற்றைப் பாடுகின்றனர்! கலையை ஒரு குலத்தின் தனிச்சொத்தாக எண்ணுவார்க்கு இது நல்ல விடை.

பாட்டு இவ்வாறு காக்கப்பட்டது, இடமோ காக்கப்படவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் சமாதி சிதைந்து கிடந்தது. 1903-ஆம் ஆண்டில், ஸ்வாமிகளிடம் நேரே பாடம் கேட்டவர்களாகிய உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் அதனைப் புதுக்கினர். பின்னர் ஆண்டுதோறும் ஆராதனை நிகழ்வதாயிற்று. ஆயினும் நடத்துவோரிடையே பிணக்குத் தோன்றிப் ‘பெரிய கட்சி’ என்றும் ‘சின்ன கட்சி’ என்றும் இரு கூறாயினர். ஒரே பெரியாரின் நினைவுக்கு இரண்டு விழாக்கள்! விழா இரண்டாயும், சமாதி மீண்டும் கவனிப்பாரற்ற நிலையை அடைந்தது. சண்டையிடுவார் கைகளுக்குத் துடைப்பம் பிடிக்க நேரம் இராது போலும்.

1921-ஆம் ஆண்டில் அந்நிலையைக் கடிதவாயிலாக அறிந்து மனம் பொறாத ஒருவர் சென்னையில் இருந்தார். அவரே வித்யாசுந்தரி பெங்களூர் நாகரத்தினம்மாள். 1878-ஆம் ஆண்டு மைசூர் நாட்டு நஞ்சன்கூட்டில் தேவதாசி மரபில் தோன்றியவர்; இசையிலும் வடமொழி, தெலுங்கு, கன்னட இலக்கியங்களிலும் தேர்ந்தவர். முத்துப்பழனி என்னும் பெண்பாற் புலவர் இயற்றிய தெலுங்குக் காவியத்தை 1910-ஆம் ஆண்டு பதிப்பித்து, அரசாங்கத்தின் தடையைத் துணிவோடு எதிர்கொண்டவர். கடிதம் எழுதியவர் அவருடைய இசையாசிரியராகிய பிடாரம் கிருஷ்ணப்பா.

அம்மையார் திருவையாறு வந்து நிலத்தைப் பெற்று, 1921-ஆம் ஆண்டிலேயே திருப்பணி தொடங்கி, 1925 ஜனவரியில் குடமுழுக்குச் செய்வித்தனர். செலவு அவர் பாடித் தேடிய பொருள். ஆனால் விழாவிலோ பெண்கள் பாடுதற்கு இடமில்லை! கோயில் எடுத்த பெண்ணுக்கும் அக்கோயிலின்முன் பாட உரிமையில்லை என்றனர். அம்மையார் அழுது அகன்றாரல்லர், வசைமொழி கூறினாருமல்லர். 1927-ஆம் ஆண்டு முதல் பெண்களைக் கூட்டிச் சமாதிக் கோயிலின் பின்புறத்தே தனியே ஆராதனை நடத்தினர். ஊரார் அதனைப் ‘பொம்பளை கட்சி’ என்றனர். ஆக விழாக்கள் மூன்றாயின. மனுக்களாலும் வழக்குமன்றத்தாலும் அறிவுரையாலும் அவர் முயன்றதன் பயனாகவும், நல்லோர் சிலர் இடைநின்று பேசியதன் பயனாகவும், 1940-ஆம் ஆண்டில் மூன்று கட்சிகளும் இணைந்து ஒரே சபையாயின. 1941-ஆம் ஆண்டு ஆராதனையில் ஆடவரோடு பெண்டிரும் பாடினர். ஐந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை எல்லாரும் ஒருங்கமர்ந்து பாடும் வழக்கமும் ஒன்றுபட்ட அவ்விழாவோடு வேரூன்றியது. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்னும் ஐந்து இராகங்களில் நூற்றுக்கணக்கான குரல்கள் ஒன்றாய் எழுவதைக் கேட்போர், அவ்வொற்றுமைக்கு இருபதாண்டுப் போராட்டம் விலையாயிற்று என்பதை அறிதல் வேண்டும்.

1949-ஆம் ஆண்டில் அம்மையார் தம் உடைமையை அறக்கட்டளைக்கு எழுதி வைத்தபோது, தேவதாசி மரபினர் உட்படப் பெண்கள் யாவரும் ஆடவர்க்கு ஒப்ப அங்கே வழிபடவும் பாடவும் உரிமையுடையர் என்பதை உயிலில் வற்புறுத்தினர். தேவதாசி அர்ப்பணத்தைத் தடுக்கும் சென்னைச் சட்டம் 1947-ஆம் ஆண்டில் பிறந்திருந்தது. வழக்கம் ஒழிந்தது நன்றே. ஆனால் அம்மரபிற் பிறந்த கலைஞரின் பெயரும் அதனோடு ஒழிந்துவிடக் கூடாது என்பதை அவர் முன்னறிந்தார் போலும். 1952-ஆம் ஆண்டு மே மாதம் 19-ஆம் நாள் அவர் மறைந்தார். ஸ்வாமிகள் சமாதிக்கு எதிரே அவர் நினைவிடம் இருக்கின்றது. கைகூப்பி அமர்ந்த சிலை ஸ்வாமிகளை நோக்கியிருக்கின்றது.

நாம் சென்ற அன்று வழிகாட்டி அச்சிலையைக் கடந்து விரைந்து சென்றார். “அந்தப் பாட்டி யார்?” என்று நம் குழுவிலிருந்த சிறுமி ஒருத்தி கேட்டாள். “கோயில் கட்டிய அம்மா” என்று ஒரு சொல்லில் விடை வந்தது. பிறகு காவிரிப் படித்துறையில் அமர்ந்து, மேலே எழுதிய வரலாற்றை நாம் பிள்ளைகட்குச் சொன்னோம். “கட்டினவங்களையே பாடக்கூடாதுன்னாங்களா?” என்று அச்சிறுமி திரும்பக் கேட்டாள். அவ்வினாவுக்குப் பெரியோர் எவரும் உடனே விடை சொல்லவில்லை.

தமிழ்ப் புலமை பயின்ற நம்மை நோக்கி, “தெலுங்கிற் பாடியவர் ஊருக்குத் தமிழர் செல்வது ஏன்?” என வினவுவாரும் உளர். தாய்மொழியில் இறைவனைப் பாடுதல் எவர்க்கும் உரிமை. ஸ்வாமிகளுக்குத் தாய்மொழி தெலுங்கு. தமிழிசைக்கு உரிய இடம் வேண்டும் என 1940-களில் எழுந்த கிளர்ச்சி நேரியதே. 1943-ஆம் ஆண்டில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியதும் நன்றே. ஆயினும் அப்பர் பாடிய மண்ணும் ஸ்வாமிகள் பாடிய மண்ணும் ஒன்றே. வடமொழிக்கென எழுந்து பின்னர்த் தமிழுக்கும் இடமளித்துப் புலவர் பலரை உருவாக்கிய அரசர் கல்லூரி நிற்பதும் அம்மண்ணிலேயே. ஒன்றைப் போற்ற மற்றொன்றைத் தள்ளுதல் வேண்டா.

இனி நம் சங்கத்தார்க்குச் சில சொல்லி முடிப்போம். சாதிச் சங்கங்கள் தத்தம் குலத்துப் பெரியோரைக் கொண்டாடுதல் இயல்பு. நம் சங்கமும் அதற்கு விலக்கன்று. ஆனால் திருவையாறு கற்பிக்கும் பாடம் இரண்டு. பெரியோர் ஒருவரைக் காப்பவர் அவர் குலத்தாரே ஆவர் என்னும் நியதியில்லை. அன்புடையார் எக்குலத்தவராயினும் அவரே உரியர். காத்தவரை வாயிலுக்கு வெளியே நிறுத்துதல், காக்கப்பட்டவருக்கே இழுக்காம் என்பது மற்றொன்று. நம் விழா மேடைகளில் பெண்மக்களுக்கு உரிய இடம் உண்டா என்பதை ஒவ்வொரு கிளைச் சங்கமும் தன்னைத்தான் கேட்டுக்கொள்க.

அடுத்த பயணம் எவ்வூருக்காயினும், புறப்படுமுன் அவ்வூர் வரலாற்றை ஒருவர் படித்துப் பிறர்க்குச் சொல்லுக. வழிகாட்டியை மதித்துக் கேட்க, கேட்டபின், “இதனைக் காத்தவர் யார்?” என்று தவறாது வினவுக. வீடு திரும்பியபின் நம் இல்லங்களில் உள்ள முதியோர் பாடும் பாட்டுக்களையும், பரணிற் கிடக்கும் ஏடுகளையும் கடிதங்களையும் பிள்ளைகளைக் கொண்டு படியெடுத்து வைக்க. வேங்கடரமண பாகவதர் செய்தது அதுவே. அதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை, பொறுமையே வேண்டும். காத்தோர் புகழ் வாழ்க. காக்கும் கைகள் பெருகுக.