பேடில் போர்டிங் போறீங்களா? போர்டைப் பார்க்கிறதுக்கு முன்னாடி காற்றைப் பாருங்க!

இன்ஸ்டா ரீல்ஸில் பார்த்திருப்பீங்க. காலை வெயில், அலையே இல்லாத தண்ணீர், அகலமான ஒரு பலகை மேல நின்னுக்கிட்டு ஒருத்தர் அலட்டிக்காம துடுப்புப் போட்டுப் போவார். அதுதான் ஸ்டாண்டப் பேடில் போர்டிங். சுருக்கமா, 'சப்'. நம்ம ஈ.சி.ஆர் கோவளத்திலேயே கத்துக்கலாம். கிளம்புறதுக்கு முன்னாடி சில விஷயங்கள்...

எங்கிருந்து வந்தது?

ஹவாய் தீவுகளிலிருந்து. 20-ம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், வைகிகி கடற்கரையில் சர்ஃபிங் கற்றுக்கொடுத்தவர்கள், பலகைமேல் நின்று துடுப்புப் போட்டபடியே சுற்றுலாப் பயணிகளைப் படம் எடுப்பார்கள். 2000-களின் தொடக்கத்தில் லேர்ட் ஹாமில்டன், டேவ் கலாமா போன்ற சர்ஃபர்கள் கையில் எடுத்த பிறகு, உலகம் முழுக்கப் பரவியது.

எந்த போர்டு?

புதுசா கத்துக்கிறவங்களுக்கு 10 முதல் 11 அடி நீளம், சுமார் 32 இன்ச் அகலம் சரியா இருக்கும். அகலம் கூடினால் ஆட்டம் குறையும்; நீளமா, ஒல்லியா இருந்தால் வேகம் கூடும். காற்றடைக்கும் போர்டும் உண்டு. உள்ளே ஆயிரக்கணக்கான நூலிழைகள் மேல், கீழ் பரப்புகளை இழுத்துப் பிடித்திருப்பதால், 15 பி.எஸ்.ஐ அளவுக்குக் காற்றடித்தாலும் பலூன் மாதிரி உப்பாமல் பலகையாக நிற்கும். காற்றை இறக்கிச் சுருட்டினால் முதுகுப்பையில் அடங்கிடும்.

துடுப்பு உங்க உயரத்தைவிட 8 முதல் 10 இன்ச் அதிகமா இருக்கணும். அதன் வளைவு முன்பக்கம் சாய்ந்திருக்கணும். பலரும் இதைத் திருப்பித்தான் பிடிக்கிறாங்க!

நிற்பது எப்படி?

முதல்ல நடுவில் முட்டி போடுங்க. பிறகு ஒவ்வொரு காலா ஊன்றி எழுந்திருங்க. முட்டி லேசா மடங்கியிருக்கட்டும். பார்வை தூரத்தில் இருக்கட்டும். காலைப் பார்த்தீங்கன்னா விழுந்துடுவீங்க. விழுந்தாலும் போர்டு மேல விழாம, தண்ணீரில் விழுங்க.

உயிர் விஷயம்

நின்றுகொண்டிருக்கும் உங்க உடம்பே ஒரு பாய்மரம்தான். கரையில் ஒரு பிடி மணலைத் தூவிப் பாருங்க. அது கடல் பக்கம் பறந்தால் அன்னிக்கு இறங்காதீங்க. கரையோரம் தண்ணீர் அமைதியாத்தான் தெரியும், திரும்பி வர்றதுதான் கஷ்டம்.

லைஃப் ஜாக்கெட் கட்டாயம். போர்டோடு உங்களை இணைக்கும் 'லீஷ்' கயிறும் கட்டாயம். கடலில் அதைக் காலில் கட்டலாம். ஓடும் ஆற்றில் கட்டினால் மரக்கிளையிலோ பாறையிலோ சிக்கி, அதுவே ஆபத்தாகும். அங்கே, இழுத்தவுடன் கழன்றுவிடும் இடுப்பு லீஷ்தான் சரி. 2021 அக்டோபரில் வேல்ஸின் ஹேவர்ஃபோர்ட்வெஸ்ட் நகரில், வெள்ளம் ஓடிய ஆற்றில் குழுவாகப் போனவர்களில் நான்கு பேர் தடுப்பணையில் சிக்கி இறந்தார்கள். தடுப்பணை இருக்கும் பக்கமே போகாதீங்க.

காற்று இழுத்துட்டுப் போனா? குப்புறப் படுத்துக் கையால தண்ணீரைத் தள்ளுங்க. முடியலையா, துடுப்பைத் தூக்கி ஆட்டி உதவி கேளுங்க. நீந்திடலாம்னு நினைச்சு போர்டை மட்டும் விட்றாதீங்க. நடுத்தண்ணியில உங்களுக்கு இருக்கிற ஒரே படகு அதுதான்!