அப்பத்தின் வீட்டை விட்டுப் போனவர்கள்



ரூத்தின் சரித்திரம் ஒரு பஞ்சத்தோடு தொடங்குகிறது. பெத்லகேம் என்னும் பெயருக்கு அப்பத்தின் வீடு என்று பொருள். அந்த வீட்டிலேயே அப்பம் இல்லாமற்போன நாளில், எலிமெலெக்கு தன் மனைவி நகோமியையும் இரண்டு குமாரரையும் கூட்டிக்கொண்டு மோவாப் தேசத்துக்குப் புறப்பட்டான். இந்த வாரம் அந்த அதிகாரத்தைத் தியானிக்கையில், நம்முடைய மண்ணின் சரித்திரம் ஒன்று என் நினைவுக்கு வந்தது.

கூத்தாநல்லூரைச் ‘சின்ன சிங்கப்பூர்’ என்று அழைப்பதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். கடல் கடந்து வணிகம் செய்த குடும்பங்கள் கட்டிய பெரிய வீடுகள் அந்தப் பெயருக்குச் சாட்சியாக நிற்கின்றன. அதே நாட்களில், இதே டெல்டாவின் சேரிகளிலிருந்தும் குடியானவர் தெருக்களிலிருந்தும் வேறொரு கூட்டமும் கடல் கடந்தது. அவர்கள் கட்டிய வீடு எதுவும் இங்கே இல்லை. அவர்களைப் பற்றியே இன்று எழுதுகிறேன்.

தஞ்சைத் தரணியை நெற்களஞ்சியம் என்கிறோம். ஆனால் நாற்று நட்டுக் கதிர் அறுத்த பண்ணையாளுக்கு அந்தக் களஞ்சியத்தில் பங்கு மிகச் சிறிது. நிலம் மிராசுதாரர் கையில் இருந்தது. கூலி நெல்லாக அளக்கப்பட்டது. வேலையற்ற மாதங்களில் வாங்கிய கடன், தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கியது. அப்பத்தின் வீட்டில் பசித்திருந்தவர்கள் அவர்கள்.

அவர்களைத் தேடிக் கங்காணி வந்தார். முன்னே போய்த் திரும்பிய அவர், தன் சொந்த ஊரிலும் உறவிலும் ஆள் சேர்த்தார். ஒப்பந்தக் கூலிகளாக ஆள் அனுப்புவது 1910இல் நிறுத்தப்பட்ட பிறகு, மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குத் தமிழர் சென்ற முக்கிய வழி இந்தக் கங்காணி முறையே. நாகப்பட்டினத்து முகாமில் தங்கவைக்கப்பட்டு, கப்பலின் மேல்தளத்தில் பினாங்கு வரை சென்றனர். 1938இல் இந்திய அரசு இந்த ஆள்சேர்ப்பைத் தடைசெய்யும்வரை அந்தப் போக்கு நிற்கவில்லை.

அவர்கள் போய் இறங்கிய இடத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வயலும் வானமும் கண்டு வளர்ந்தவர்கள், வானத்தையே மறைக்கும் மழைக்காட்டின் நடுவில் நின்றனர். அந்தக் காட்டை வெட்டி எரித்த நிலத்தில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. அந்த மரமும் அந்நிய மண்ணிலிருந்து வந்ததே. 1876இல் பிரேசிலின் அமேசான் காட்டிலிருந்து விதையாக இங்கிலாந்துக்கு எடுத்துச் செல்லப்பட்டு, மறு ஆண்டு கன்றுகளாகச் சிங்கப்பூரை அடைந்தது. வேரோடு பெயர்க்கப்பட்ட மரத்தை, வேரோடு பெயர்க்கப்பட்ட மக்கள் பராமரித்தனர்.

தோட்டத்துக் குடியிருப்பை ‘லயம்’ என்றனர். நீண்ட கொட்டகையைத் தடுத்து அமைத்த சிறு அறைகள். பெரும்பாலும் குடும்பத்துக்கு ஓர் அறை. விடியுமுன் பிரட்டுக்கு நிற்க வேண்டும். குளிர்ந்த வேளையில்தான் மரத்தின் பால் நன்றாக வடியும் என்பதால், இருட்டிலேயே பால்வெட்டு தொடங்கும். குழந்தைகள் ஆயாக் கொட்டகையில் விடப்பட்டனர். மழை பெய்தால் பட்டை நனைந்து பால் வீணாகும். அன்று வெட்டு இல்லை, கூலியும் இல்லை. காவிரிக் கரையில் மழையை ஆசீர்வாதமாக எதிர்பார்த்தவர்களுக்கு, அந்தக் காட்டில் மழை பட்டினியின் செய்தியாயிற்று.

மழையைவிடக் கொடியது காய்ச்சல். 1901இல் கிள்ளான் மாவட்டத்துக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், மலேரியாவைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். கடலோரச் சமவெளியில் காட்டை அழித்து வாய்க்கால் வெட்டியபோது நோய் குறைந்தது. அங்கே நோய் பரப்பிய கொசு நிழல்படிந்த தேங்கலில் வளர்வது. ஆனால் குன்றுப் பகுதியில் காட்டை வெட்டியபோது நோய் பெருகியது. அங்கிருந்த வேறொரு வகைக் கொசு, வெயில்படும் தெளிந்த ஓடைநீரில் வளர்வது. மரங்கள் நீங்கி ஓடைமேல் வெயில் விழுந்ததும் அது பல்கியது. காட்டை வெட்டிய கோடரியே வெட்டியவனுக்கு மரணத்தைத் திறந்துவிட்டது. ஓடைகளை நிலத்தடிக் குழாய்களுக்குள் செலுத்தியும், நீர்மேல் எண்ணெய் தெளித்தும் அதை அடக்க வழி கண்டனர். அந்த அறிவு பிறப்பதற்குள் புதைக்கப்பட்டவர்கள் எத்தனையோ பேர்.

சாலை எட்டாத அந்த இடங்களில் கங்காணி, கிராணி, துரை ஆகிய மூவரின் சொல்லே சட்டமாயிருந்தது. பத்துப் பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால் தோட்டமே பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் கூறிற்று. பள்ளி பெரும்பாலும் ஆரம்ப வகுப்புகளோடு முடிந்தது. கள்ளுக்கடையோ தவறாமல் இருந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கேட்டவற்றைக் கவனியுங்கள். கூலி உயர்வு, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல். இவற்றோடு இன்னொன்று: துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். தேவசாயலில் படைக்கப்பட்ட மனிதன், சைக்கிளில் அமர்ந்தபடியே போக உரிமை கேட்டான். படையினர் அழைக்கப்பட்டனர், சிலர் உயிரிழந்தனர்.

அடுத்த ஆண்டு ஜப்பானியர் ஆட்சி வந்தது. சயாமையும் பர்மாவையும் இணைக்க, 415 கிலோமீட்டர் நீளத்துக்குக் காடும் மலையும் ஊடறுத்து இரயில்பாதை அமைக்கத் தொடங்கினர். வேலை இழந்த தோட்டத் தமிழரை, நல்ல கூலி தருவதாகச் சொல்லியும் வலுக்கட்டாயமாகவும் ஆயிரக்கணக்கில் கொண்டுசென்றனர். 1943இன் மழைக்காலத்தில் முகாம்களில் காலரா பரவியது. அவ்வாண்டு அக்டோபரில் பாதை முடிந்தது. ஆசியத் தொழிலாளர் மட்டும் 1,80,000 பேருக்கு மேல் அங்கே உழைத்ததாகவும், அவர்களில் 90,000 பேர் வரை மாண்டிருக்கலாம் என்றும் மதிப்பிடுகின்றனர். போர்க்கைதிகளில் மாண்டவர்கள் 12,000 பேருக்கு மேல்.

தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கான கல்லறைத் தோட்டம் உண்டு. ஏறத்தாழ 7,000 கல்லறைகள். பெரும்பாலானவற்றில் பெயரும் வயதும் பொறித்திருக்கிறது. அந்தக் கனம் அவர்களுக்குத் தகுந்ததே. ஆனால் அதே பாதையில் விழுந்த நம்முடைய ஜனங்களில் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த ஒரு கல்லும் இல்லை. நாற்று நட்ட கைகள் மழைக்காட்டு மண்ணுக்குள் பெயரின்றிப் போயின.

இப்போது ரூத்தின் முதல் அதிகாரத்துக்குத் திரும்புவோம். மோவாபில் மரித்தவர்கள் அரசர்கள் அல்லர், தீர்க்கதரிசிகள் அல்லர். பிழைக்கப்போன இடத்தில் செத்துப்போன ஒரு குடும்பத்தின் ஆண்கள். ஆனாலும் பரிசுத்த வேதாகமம் அவர்களைப் பெயர் சொல்லியே எழுதிவைத்திருக்கிறது: எலிமெலெக்கு, மக்லோன், கிலியோன். அந்நிய தேசத்தில் விழுந்தவனின் பெயர் தேவனுடைய புத்தகத்தில் இடம்பெறத் தக்கது என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

அன்பானவர்களே, நம்மில் அநேகருடைய வீட்டில் ‘மலாயாவுக்குப் போன தாத்தா’ என்ற ஒரு பேச்சு உண்டு. அதற்குமேல் அவரைப் பற்றி ஒருவரும் சொல்லுவதில்லை. இந்த வாரம் உங்கள் வீட்டின் மூத்தவரிடம் போய் உட்காருங்கள். போனவர் பெயர் என்ன, எந்தத் தோட்டம், திரும்பி வந்தாரா என்று கேளுங்கள். தெரிந்த அளவை உங்கள் வேதாகமத்தின் முதல் வெற்றுப் பக்கத்தில் எழுதிவையுங்கள். ஒரு பெயர் மட்டுமே கிடைத்தாலும் எழுதுங்கள். பிறகு இன்னொன்றையும் செய்யுங்கள். வடமாநிலத்திலிருந்து பிழைக்க வந்து, இன்று நம்முடைய வயல்களில் நாற்று நடுகிறவர்களைப் பார்க்கும்போது, “தம்பி, உன் பெயர் என்ன?” என்று கேளுங்கள்.

சாலை எட்டாத காட்டிலும் நம் ஜனங்களைக் கண்ட தேவன், உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.