காலடிக் கணக்கு: பழனிப் பாதையும் பத்தாயிரம் அடியும்

தைப்பூசத்துக்குத் திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்கு நடப்பவர்கள் ஏறத்தாழ 60 கி.மீ. கடக்கிறார்கள். காலடிக்கு முக்கால் மீட்டர் என்று வைத்தால் 80,000 அடிகள். முன்பு இதை எண்ணிக்கொண்டு நடந்தவர் அரிது. இன்று பலரின் மணிக்கட்டில் உள்ள கருவி எண்ணிவிடுகிறது.

காலடியை எண்ணுவது நம் நாட்டுக்குப் புதிதன்று. 1865-66இல் ஆங்கில அரசின் நில அளவைத் துறைக்காக மாறுவேடத்தில் லாசா வரை சென்ற நயின் சிங், மைலுக்கு 2,000 அடி என்று சீராக நடக்கப் பழகியவர். அவருடைய செபமாலையில் 108 மணிகளுக்குப் பதில் 100 மணிகளே இருந்தன. நூறு அடிக்கு ஒரு மணி தள்ளுவார். அது நிலத்தை அளக்க. உடலை அளக்க அன்று.

நாளுக்கு 10,000 அடி என்ற இலக்கோ மருத்துவ ஆய்விலிருந்து வந்ததன்று. 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்கு அடுத்த ஆண்டு ஜப்பானில் விற்பனைக்கு வந்த இடுப்புக் கருவியின் பெயர் 'மான்போ-கெய்'. 'பத்தாயிரம் அடி அளவி' என்பது பொருள். விற்பனைப் பெயர் உலகுக்கே விதியாயிற்று. தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் வகுத்த 8 கி.மீ. நடைபாதையும் ஏறத்தாழ அந்த எண்ணுக்கே வருகிறது.

கருவி கட்டினால் நலம் கூடுமா? சிங்கப்பூரில் 800 ஊழியர்களிடம் ஓராண்டு நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. கருவி அணிந்தவர்களின் உடலுழைப்பு ஓரளவு கூடியது. எடையிலும் இரத்த அழுத்தத்திலும் முன்னேற்றம் இல்லை. பணப் பரிசு பெற்றவர்கள் முதல் ஆறு மாதம் நன்றாக நடந்தார்கள். பரிசு நின்றதும் அந்த வேகம் தணிந்தது. (வகுப்பறையில் மிட்டாய் கொடுத்துப் பார்த்த ஆசிரியர்களுக்கு இது வியப்பளிக்காது.) அதே ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வில், கருவி அணிந்தவர்கள் இரண்டு ஆண்டில் 3.5 கிலோ குறைந்தார்கள், அணியாதவர்கள் 5.9 கிலோ.

ஆகவே கருவி வருகைப் பதிவேடு போன்றது. வந்தானா என்று சொல்லும், படித்தானா என்று சொல்லாது.

நடையின் பயன் வேறு செய்தி. சராசரி வயது 72 உள்ள 16,741 பெண்களை ஆராய்ந்து 2019இல் வந்த கட்டுரையின்படி, நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களின் இறப்பு அபாயம் 2,700 அடி நடந்தவர்களைவிட 41 விழுக்காடு குறைவு. 7,500க்கு மேல் கூடுதல் பயன் தெரியவில்லை. நலமாக இருப்பவர்களே அதிகம் நடப்பார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ஆயினும், பத்தாயிரம் முடியவில்லையே என்று நடையையே விட்டுவிடும் என் வயதுக்காரர்கள் அறிய வேண்டிய எண் 4,400.

பழனி மலைக்கு 693 படிகள். காலடிக் கணக்கில் அது அடிவாரக் கிரிவீதியில் அரை கிலோமீட்டர் நடப்பதற்குச் சமம். ஏறி மூச்சு வாங்கியவர்கள் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.