மரத்துக்கு வந்த குறை: மலிவு வாத்தியங்களும் நம் இசை வரலாறும்

சில ஆண்டுகளுக்கு முன் பாயா ரும்புட் பக்கம் நான் வேலை பார்த்த இடைநிலைப்பள்ளியில், தமிழ்மொழிக் கழகத்துக்காக ஆறு வயலின் வாங்கினோம். ஒன்று 150 வெள்ளி. வில், பெட்டி, ரோசனம் எல்லாம் அதற்குள் அடக்கம். பெற்றோரிடம் வசூலித்த காசு அது. பாதிப் பேர் இரண்டு தவணையில் கொடுத்தார்கள். "புதுசா கத்துக்கிறவங்களுக்கு இது போதும் டீச்சர்" என்றார் விற்றவர். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மூன்றாம் மாதமே கோளாறு தொடங்கியது. முறுக்காணி நிற்கவில்லை, சுதி கூட்டிப் பத்து நிமிடத்தில் தந்தி தளர்ந்துவிடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரு வயலினின் கழுத்து ஒட்டு விட்டுப்போய்ச் சாய்ந்தது. படிவம் இரண்டில் படித்த ஒரு பையன் விடாமல் வந்துகொண்டிருந்தான். அவன் வாசித்தால் எப்போதும் கொஞ்சம் இறங்கியே கேட்கும். ஒருநாள் எல்லார் முன்னாலும், "உனக்குக் காதுல சுதி நிக்கலப்பா" என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவன் வரவில்லை.

பிறகு ஒரு கலை விழாவுக்கு வந்த பெரியவர் ஒருவர் அந்த வயலினை எடுத்துச் சுதி கூட்டினார். நாற்பது வருடமாக வாசிக்கிறவர். அவர் கையிலும் அது இறங்கியது. "இது புள்ளைக்கு வந்த குறை இல்லம்மா, மரத்துக்கு வந்த குறை" என்றார்.

அந்தச் சொல் எனக்குப் புதிதல்ல. பட்டயப் படிப்பில் சீவக சிந்தாமணி படித்தபோது தேர்வுக்காக மனப்பாடம் செய்த விஷயம்தான் அது. திருத்தக்கதேவரின் காப்பியத்தில் காந்தருவதத்தையார் இலம்பகம் முழுக்க ஒரு யாழ்ப் போட்டியைச் சுற்றி நடக்கிறது. சீவகன் அவைக்கு வந்ததும் வாசிக்கத் தொடங்கிவிடவில்லை. கொடுத்த யாழ்களை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தள்ளிவிடுகிறான். நீரில் நின்ற மரம், அழுகிய மரம், நெருப்பில் வெந்த மரம், இடி விழுந்த மரம் என்று ஒவ்வொன்றுக்கும் குற்றம் சொல்கிறான். தந்தியின் முறுக்கைப் பிரித்து உள்ளே மயிர் இருப்பதைக் காட்டுகிறான். நாயகனின் புலமையைக் காட்டும் இடம் என்றுதான் தேர்வில் எழுதுவோம். எனக்கு இப்போது வேறொன்று தோன்றுகிறது. வாசிக்கிறவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் கெட்ட கருவியில் தோற்றுப்போவான் என்பது அந்த அவைக்குத் தெரிந்திருக்கிறது.

மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மரத்தின் குற்றத்தால் ஒலியில் வரும் குற்றங்களுக்கும் நம்மவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள்: செம்பகை, ஆர்ப்பு, கூடம், அதிர்வு. பண்ணோடு ஒட்டாத ஓசை செம்பகை. அளவுக்கு மீறி ஒலிப்பது ஆர்ப்பு. மழுங்கிக் கேட்பது கூடம். சிதறி ஒலிப்பது அதிர்வு. எங்கள் ஆறு வயலினில் இந்த நான்கும் இருந்தன. குதிரை சரியாக உட்காதது கூடம். எங்கோ ஒட்டு விட்ட பலகை கிர்ரென்றது அதிர்வு. பெயர் தெரிந்தும் எனக்குக் கேட்கவில்லை. பையனைத்தான் குறை சொன்னேன்.

சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் குழல் செய்யும் முறையைச் சொல்லுமிடத்தில், இளசும் இல்லாமல் கிழடும் இல்லாமல் வளர்ந்த மரத்தை வெட்டி நிழலில் ஆறவிடச் சொல்கிறார். திருகுகிறதா, பிளக்கிறதா என்று பார்த்து, ஓராண்டு கழிந்த பிறகே குழல் செய்ய வேண்டுமாம். இது பழங்கதை இல்லை. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் நரசிங்கம்பேட்டையில் இன்றும் நாகசுரம் செய்கிறவர்கள், பிரித்த பழைய வீடுகளின் ஆச்சா மர உத்திரங்களைத் தேடி வாங்குகிறார்கள். பல ஆண்டு காய்ந்த மரம் இனிமேல் சுருங்காது. அந்த நாகசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மலிவு வாத்தியத்தில் விலை குறைவது பெரும்பாலும் இந்தக் காத்திருப்பில்தான். ஈரம் காயாத மரத்தை அறுத்து, பளபளவென்று சாயம் பூசி, கப்பலில் ஏற்றிவிடுகிறார்கள். அது காய்வது நம் வகுப்பறையில்.

வயலின் நமக்கு வந்த கதையையும் சொல்ல வேண்டும். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (பிறப்பு 1786) சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் கற்று, அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்குத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834-இல் தந்தத்தால் அழகுசெய்த வயலின் ஒன்றைப் பரிசளித்தார். இவர்கள் அரசவையும் செல்வரும் ஆதரித்த கலைஞர்கள். கையில் கிடைத்த கருவியும் அதற்கேற்றது.

சாமானியர் கைக்கு வயலின் வந்தது வேறு வழியாக. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியின் சாக்சனி வட்டாரத்தில் மார்க்நொய்கிர்சன் என்ற ஊரைச் சுற்றி வயலின் குடிசைத் தொழிலாக நடந்தது. ஒரு வீட்டில் கழுத்து, இன்னொரு வீட்டில் உடல், வேறொருவர் ஒட்ட, வியாபாரி கப்பலேற்றினார். உலகெங்கும் மலிவாகப் போனது. அவற்றில் நிறைய வயலின்களுக்குள் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதில் 1737-இல் இறந்துபோன இத்தாலியக் கைவினைஞர் ஸ்ட்ராடிவாரியின் பெயர்! பழைய வயலினுக்குள் அந்தச் சீட்டைப் பார்த்துத் தங்கப் புதையல் கிடைத்ததாக நினைத்து ஏமாறுகிறவர்கள் இன்றும் உண்டு. சில சீட்டுகளில் அந்தப் பெயருக்குக் கீழேயே 'ஜெர்மனி' என்றும் அச்சிட்டிருக்கும். காரணம், இறக்குமதிப் பொருளில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று 1890-இல் அமெரிக்கா போட்ட சட்டம்.

அதற்காக, மலிவு என்றாலே மோசம் என்று சொல்ல முடியாது. ஜப்பானின் நகோயாவில் மாசாகிச்சி சுசுகி இயந்திரங்கள் வைத்து வயலின் செய்தார். முதல் உலகப் போரில் ஜெர்மன் ஏற்றுமதி தடைபட்டபோது அவர் தொழிற்சாலை மிகப் பெரிதாக வளர்ந்தது. குழந்தைகளுக்கு வயலின் கற்பிக்கும் முறையை உருவாக்கிய ஷினிச்சி சுசுகி அவருடைய மகன்தான். தொழிற்சாலைச் சரக்கிலும் சுதி நிற்கும்; செய்கிறவர் அதற்கு மனம் வைத்திருந்தால்.

நம் தோட்டங்களுக்கு நெருக்கமான வாத்தியம் ஆர்மோனியம். 1842-இல் பாரிசில் தெபேன் என்பவர் அந்தப் பெயரில் காப்புரிமை பெற்றார். காலால் மிதிக்கும் அந்தப் பெட்டியை, தரையில் உட்கார்ந்து கையால் துருத்தி போடும் பெட்டியாகக் கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் மாற்றினார். சுமக்கலாம், சுதி கூட்டும் வேலையும் இல்லை. நாடக மேடைக்கும் பஜனைக்கும் அது ஒட்டிக்கொண்டது. அதே வசதிதான் அதன் வம்பும். சுரங்கள் செய்யும்போதே நிலைத்துவிடுகின்றன. இரண்டு சுரத்துக்கு நடுவே வழுக்கிப் போகும் கமகம் அதில் வராது. இதையும் இன்னும் சில குறைகளையும் சொல்லி 1940-இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடை செய்தது. தாகூரும் அதை எதிர்த்தவர். தடை தளரச் சுமார் முப்பது ஆண்டு ஆனது. என்னைக் கேட்டால் தடை கொஞ்சம் அதிகப்படி. ஆனாலும் அவர்கள் பயந்த விஷயம் ஒன்று உண்மை: பிள்ளையின் குரல் பெட்டியின் பின்னால்தான் போகும். நல்ல பெட்டிக்கே இந்தக் கதி என்றால், நாக்கு பிசகிய மலிவுப் பெட்டியோடு ஒரு வருடம் தேவாரம் பாடிய பிள்ளைக்கு அந்தப் பிசகுதான் சுதி. அதை மறக்கடிக்க இன்னொரு வருடம் வேண்டும்.

பள்ளிக்கு வாங்கப் போகும் ஆசிரியர்களுக்கு நான் பட்டதைச் சொல்கிறேன். கடையில் பெட்டியின் அழகைப் பார்க்காதீர்கள். தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுதி கூட்டச் சொல்லுங்கள். அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு மறுபடி தட்டிப் பாருங்கள். கைப்பேசியில் சுதிச் செயலி இருக்கிறது, காசு கிடையாது. ஆறு மலிவு வயலினுக்குக் கொடுத்த 900 வெள்ளியில், பழகிய கை வைத்திருந்த பழைய வயலின் இரண்டு வாங்கியிருக்கலாம், முறை வைத்துப் பழகியிருக்கலாம் என்று அந்தப் பெரியவர் சொன்னார். எங்கள் ஆறில் இரண்டை அவரே முறுக்காணியும் குதிரையும் தந்தியும் மாற்றி வாசிக்கும்படி செய்தார். அந்தச் செலவு வாங்கின விலையைத் தாண்டியது. மீதி நான்கும் அலமாரியில் கிடக்கின்றன.

போன மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலைக் கோயிலுக்குப் போயிருந்தேன். கூட்டத்தில் ஓர் உறுமிக் குழு. வாசிப்பதற்கு முன் ஓர் இளைஞன் தோலைத் தட்டிப் பார்ப்பதும் கயிற்றை இழுப்பதும் மறுபடி தட்டுவதுமாக இருந்தான். பக்கத்தில் இருந்தவன் "போதும்டா" என்றான். "இன்னும் கொஞ்சம் ஏறணும்" என்று சொல்லி மறுபடி இழுத்தான். என்னைப் பார்த்து, "டீச்சர், நல்லா இருக்கீங்களா?" என்றான். அந்தப் படிவம் இரண்டுப் பையன்தான்.