வளைந்த பலகையின் விலை

தருமபுரிக்குத் தகடூர் என்று பெயர் வழங்கிய காலத்தில், அதியமானைப் போன்ற வள்ளல்களை நாடிப் பாணர்கள் யாழும் கையுமாக நடந்தார்கள். அந்த யாழ் எப்படி இருந்தது என்று அறிய விரும்புகிறவர்கள் பொருநராற்றுப்படையைப் புரட்டிப் பார்க்கலாம். பத்தர் என்ற குடம், அதன்மேல் போர்த்திய தோல், கோடு, நரம்பு என்று ஒவ்வோர் உறுப்பாகப் புலவர் வருணித்துக்கொண்டே போகிறார். விலையை மட்டும் சொல்லவில்லை. புலவர்களுக்கு விலை விசாரிக்கும் வழக்கம் இல்லை போலும்!

நான் விசாரிக்கப் போவது விலையைத்தான்.

தந்தி வாத்தியங்களின் சரித்திரத்தில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. வெறும் கூடான குடத்தை எதைக்கொண்டு மூடுவது? யாழுக்குத் தோல், வீணைக்குத் தட்டையான மரப்பலகை, பிடிலுக்கு வளைந்த பலகை. பிடிலின் வளைவு பலகையை வளைத்துச் செய்ததல்ல. தடித்த பலகையை உள்ளும் புறமும் செதுக்கிச் செதுக்கி, நடுவில் மேடாகவும் ஓரத்தில் தாழ்வாகவும் கொண்டுவருகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் போன்றோர் அதைக் கர்நாடக சங்கீதத்துக்கு வசப்படுத்தினார்கள். ஆகவே, வளைந்த பலகையின் நாதம் நம் காதுக்குப் புதிதல்ல.

அந்த வளைவைக் கிதாருக்குக் கொடுத்தவர் அமெரிக்காவில் கலமஸூ என்ற ஊரில் வாழ்ந்த ஆர்வில் கிப்ஸன். ஒரு காலத்தில் செருப்புக் கடையில் வேலை பார்த்தவர். பிடிலைப் போலவே செதுக்கிய பலகை வைத்து மாண்டலினும் கிதாரும் செய்தார். 1898ல் மாண்டலினுக்கு உரிமைப் பட்டயமும் பெற்றார். 1902ல் அவர் பெயரால் ஒரு கம்பெனி எழுந்தது. 1922ல் அங்கே வேலை பார்த்த லாயிட் லோர் என்பவர், பிடிலில் இருப்பது போன்ற நாதத் துளைகளையும் வைத்து 'எல் 5' என்ற கிதாரை உருவாக்கினார். இந்த ஜாதிக் கிதாருக்கு ஆர்ச்டாப் என்று பெயர். ஊதுகுழல்களும் முரசுகளும் முழங்கும் ஜாஸ் கோஷ்டியின் நடுவே, ஒலிபெருக்கி இல்லாமலே தாளத்தை எடுத்துக் காட்டியது இதுதான்.

செதுக்க நாள் பிடிக்கும். தேர்ந்த கையும் வேண்டும். நாளுக்கும் கைக்கும் கூலி உண்டு. 1934ல் அதே கம்பெனி செய்த ஒரு கிதாருக்கு 'சூப்பர் 400' என்று நாமகரணம் செய்தார்கள். நானூறு என்பது அதன் விலை, டாலரில்! விலையையே பெயராகச் சூட்டிக்கொண்ட வாத்தியம் உலகில் வேறு உண்டா, தெரியவில்லை.

அது அமெரிக்காவில் வேலையும் கூலியும் அற்றுப்போன பஞ்ச காலம். ஆகவே அதே கம்பெனி, ஊர்ப் பெயரான கலமஸூ என்ற முத்திரையில் மலிவான கிதார்களையும் விற்றது. கழுத்து வளைந்தால் நிமிர்த்துவதற்காக உள்ளே வைக்கும் இரும்புக் கம்பியை மட்டும் அவற்றில் வைக்கவில்லை. சிகாகோவிலிருந்த கம்பெனிகளோ செதுக்கும் வேலையையே விட்டுவிட்டு, ஒட்டுப்பலகையை அச்சில் அழுத்தி வளைவை வரவழைத்தன. ஆக, மலிவிலும் இரண்டு ஜாதி உண்டு: ஒன்று கழுத்தில் மிச்சம் பிடித்தது, மற்றொன்று மார்பில் மிச்சம் பிடித்தது.

மார்பில் பிடித்த மிச்சத்தைக் காலம் மன்னித்துவிட்டது. 1930களில் கிதாருக்கு மின்சாரம் வந்தது. பலகை அதிகமாக அதிர்ந்தால் ஒலிபெருக்கி ஊளையிடுகிறது என்று கண்டார்கள். 1949ல் கிப்ஸன் கம்பெனியே ஒட்டுப்பலகையில் ஓர் ஆர்ச்டாப் செய்தது. பெரிய வித்வான்கள் அதைத் தேடி வாங்கினார்கள். ஏழையின் சமாதானம் பணக்காரனின் விருப்பமாகிவிட்டது.

நம் நாட்டிலும் இது பாடிய வாத்தியந்தான். ஜோத்பூரில் பிறந்த பிரிஜ் பூஷண் காப்ரா அந்தச் சூப்பர் 400ஐ மடியில் கிடத்தி, நம் கோட்டுவாத்தியத்தைப் போலத் தந்திமேல் கட்டையை வழுக்கி ஹிந்துஸ்தானி ராகங்களை வாசித்தார். ஜெய்ப்பூர் விசுவ மோகன் பட் இதே ஜாதிக் கிதாரில் சுருதித் தந்திகளையும் அனுசுரத் தந்திகளையும் கூட்டி 'மோகன வீணை' ஆக்கி, 1994ல் கிராமி பரிசும் பெற்றார்.

இனித் தகடூருக்குத் திரும்புவோம். பென்னாகரத்திலோ பாலக்கோட்டிலோ ஒரு பையன் இந்தக் கிதாருக்கு ஆசைப்படுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் வருமானம் தக்காளி விலையோடு ஏறி இறங்குவது. செதுக்கியதை வாங்கினால் தங்கையின் படிப்புக்கு வைத்த பணம் கரையும். மலிவானதை வாங்கினால், "சங்கீதத்திலே கஞ்சத்தனமா?" என்று யாராவது கேட்பார்கள். வேண்டாமென்றால் ஆசை கருகிப் போகும். எது நியாயம்?

அந்தப் பக்கத்துத் தெருக்கூத்தைப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். விடிய விடியக் கூத்தைத் தாங்குகிறதே ஆர்மோனியம், அதுவும் ஐரோப்பாவிலிருந்து வந்து, கல்கத்தாவில் கைப்பெட்டியாகச் சுருங்கி, மலிவாகி, ஊர் ஊராகப் பரவியதுதான். 1940 முதல் 1971 வரை வானொலி அதை ஒதுக்கி வைத்திருந்தது. கூத்துக்காரர்கள் ஒதுக்கவில்லை. வாங்கக் கட்டுப்படியான வாத்தியந்தான் கிராமத்துக்கு வந்து சேரும். வந்து சேர்ந்ததில்தான் வித்தை வளரும்.

ஆகவே பையன் ஒட்டுப்பலகைக் கிதாரைத் தாராளமாக வாங்கலாம். சித்திரை வெயிலில் செதுக்கிய பலகை வெடிப்பதுண்டு. ஒட்டுப்பலகை அதைவிடப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் கழுத்தில் மட்டும் சிக்கனம் கூடாது. உள்ளே கம்பி இருக்கிறதா, கழுத்து நேராக இருக்கிறதா, தந்தி மெட்டுக்கு மேல் அதிக உயரத்தில் நிற்காமல் விரலுக்கு அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். மார்பு சற்றே மந்தமானால் நாதம் கொஞ்சம் குறையும். கழுத்து கோணினால் சுருதியே போய்விடும். பெயருக்குக் கொடுக்கும் பணம் தங்கையின் படிப்புக்கு இருக்கட்டும்.