தெருவோடு செல்லும் பாதையும் தெருவின் மேலுயர்ந்த பாதையும்

பொகவந்தலாவைத் தோட்டங்களிலிருந்து தொழில் நாடிக் கொழும்பு செல்வோர் பலர் ஹட்டனிற் புகையிரதமேறிக் கோட்டையில் இறங்குவர். 1884 ஆம் ஆண்டில் ஹட்டனை அடைந்த அப்பாதை, தோட்டங்களின் விளைபொருளைத் துறைமுகத்திற்குக் கொண்டுசெல்லும் நோக்குடன் அமைந்தது. கோட்டையில் இறங்கிய மனிதன் நகரினுள் எவ்வாறு செல்வான் என்பது வேறொரு வினா. அதற்கு நகரங்களின் வரலாறு இரு விடைகளைத் தந்துள்ளது.

முதலாவது, தெருவின் மட்டத்தில் ஓடும் டிராம். மின்சார டிராம் சென்னையில் 1895 இலும், கொழும்பில் அந்நூற்றாண்டின் முடிவை ஒட்டியும் ஓடத் தொடங்கியது. கொழும்பில் அது பொரளைக்கும் கிராண்ட்பாசுக்கும் சென்றது. இதனை அமைத்தற்குச் செலவு குறைவு. பயணி படியேறவும் வேண்டியதில்லை. எனினும், தண்டவாளத்தை விட்டு விலகவியலாத அவ்வண்டி, முன்னே மாட்டுவண்டி நின்றாலும் மோட்டார் நின்றாலும் தானும் நின்றது. சென்னையில் 1953 இலும் கொழும்பில் 1960 இலும் டிராம் மறைந்தது.

இரண்டாவது, தெருவினின்றும் பிரிக்கப்பட்ட பாதை. 1863 இல் இலண்டன் அதனை நிலத்தின்கீழ் அமைத்தது. சென்னை 1995 இல் தூண்களின்மீது உயர்த்தியது. தடையின்மையால் வேகமும் நேரவொழுங்கும் கிட்டின. ஆயின் செலவோ பன்மடங்கு. சென்னையில் பக்கிங்காம் கால்வாயினுள்ளே ஊன்றப்பட்ட தூண்கள் நீரோட்டத்தையும் ஒடுக்கின.

எனவே, இவ்விரண்டிற்குமிடையிலான வேறுபாடு வேகம் மட்டுமன்று. விலையை யார் கொடுப்பது என்பதுமாகும். தெருப்பாதை பயணியின் நேரத்தைச் செலவிடுகிறது. உயர்பாதை பொதுப்பணத்தைச் செலவிடுகிறது. இவை ஒன்றையொன்று விலக்குவனவுமல்ல. கல்கத்தாவில் 1984 இல் நிலத்தடி இரயில் தொடங்கிய பின்னரும் டிராம் பல்லாண்டுகள் ஓடியது. தொலைதூரத்திற்கு ஒன்றும் குறுந்தூரத்திற்கு மற்றொன்றும் உதவின.

கொழும்பின் நிலை வேறு. மாலபேயிலிருந்து கோட்டை வரை ஏறத்தாழ 16 கிலோமீற்றர் நீளமான உயர்பாதைக்கு 2019 இல் ஜப்பானியக் கடனுதவி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. பெருஞ்செலவைக் காரணங்காட்டி 2020 இல் அரசு அதனைக் கைவிட்டது. இருந்ததை இழந்தோம், வரவிருந்ததைப் பெற்றிலோம். ஆயினும் செலவு ஒழிந்துவிடவில்லை. நெரிசலில் ஊரும் பஸ்ஸில் தொழிலாளி நாள்தோறும் இழக்கும் நேரமாக அது உருமாறியது. அவ்விழப்பு எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் பதிவாவதில்லை. எப்பாதை சிறந்தது என ஆராய்வோர், அந்தக் கணக்கையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும்.